பன்னிரண்டு சோடி ஈரக்கால்

கல்லாந்துறையில் அந்த வருஷம் பெரிய வியாழன் மாலைப் பூசையில், சேசு சீடர்களுக்குச் செய்த மாதிரி, சாமியார் கழுவிவிட்ட பன்னிரண்டு பேரின் கால்களும் காயவில்லை. அன்றைக்குக் காயவில்லை, பெரிய வெள்ளி வெயிலில் காயவில்லை, ஈஸ்டர் முடிந்து காற்று சுழற்றியடித்த வாரம் முழுக்கவும் காயவில்லை. நடந்தால் தரையில் ஈரத்தடம் விழுந்தது, விழுந்த தடமும் காயவில்லை. நம்ப முடியாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். ஊர்க்காரர்களுக்கு அந்த வசதி இல்லை, அவர்கள் அந்தத் தடங்களைத் தாண்டிக்கொண்டுதான் குழாய்க்கும் கடைக்கும் போக வேண்டியிருந்தது.

எப்படி வந்தது என்று கேட்டால் ஊர் ஒரே வார்த்தையில் துண்டு என்று சொல்லும். கல்லாந்துறையில் கால் கழுவக் கூப்பிட்டுவிட்டால், சாமியார் கழுவுவதற்கு முன்பே அந்தக் காலை வீட்டில் கழுவி முடித்துவிடுவார்கள். செங்கல் ஓட்டால் பித்தவெடிப்பைத் தேய்த்து, சீயக்காய் போட்டு, தேங்காய் எண்ணெய் தடவி, புதுச்செருப்போடு கோயில்வரை வந்து, கழுவ ஒன்றுமே மிச்சமில்லாத காலைத்தான் நீட்டுவார்கள், ஏனென்றால் அழுக்குக் காலைச் சாமியாரிடம் நீட்டுவது மரியாதை இல்லை. அந்த மரியாதைக்குமேல் மரியாதையாக, பீடத்துச் சாமான்களைப் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளை தனிஸ்லாஸ் டவுனில் புதுத்துண்டு வாங்கி, கெட்டிக்கஞ்சி போட்டு, நாலு தடவை இஸ்திரி போட்டு, தட்டினால் சத்தம் கேட்கிற பலகையாக்கி வைத்திருந்தார். சாமியார் தண்ணீர் ஊற்றினார், துடைத்தார், துண்டு வழுக்கியது, தண்ணீர் இருந்த இடத்திலேயே இருந்தது. குனிந்து முத்தம் கொடுத்தார், அடுத்த காலுக்கு நகர்ந்தார். நடந்தது அவ்வளவுதான்.

பன்னிரண்டில் பெண்களையும் சேர்க்க வேண்டும் என்று அந்த வருஷம் சாமியார் பிடிவாதமாக நின்றதால் நாலு பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நாலாவது ஆள் பெர்பெத்தி. ஐம்பத்திரண்டு வயசு, கருவாட்டு வியாபாரம், புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பாமல் பதினேழு வருஷம், ஒரே மகள் அமலி. பெர்பெத்தி விலை பேச உட்கார்ந்தால் எதிராளிக்கு வேர்க்கும். பேச்சு முறிந்தால் கூடையைக் கவிழ்த்துவிட்டு எழுந்து போவாள், பத்தடி போவதற்குள் அவன் கூப்பிடுவான், கூப்பிடாவிட்டால் அவளே திரும்பி வந்து திட்டுவாள். பள்ளிக்கூடம் அவளுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. ஏமாற்றியவர்கள்தான் எல்லாவற்றையும் கொடுத்தார்கள்.

கால் கழுவக் கூப்பிட்டபோது அவள் வேண்டாம் என்றுதான் சொன்னாள், சாமியார் விடவில்லை. அவளுடைய கால்களுக்கு ஒரு பாதை தெரியும். அந்தப் பாதை வேறு யாருக்கும் தெரியக்கூடாது.

எட்டு மாசத்துக்கு முன்னால் இஞ்ஞாசி என்பவன், தடைசெய்த வலையை விசைப்படகு வைத்திருக்கிற பெரிய போட்டுக்காரர்கள் போடுகிறார்கள், குஞ்சுமீன்வரை வழித்துக்கொண்டு போகிறார்கள் என்று கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தான். பெரிய போட்டுக்காரர்களில் பெரியவர் ஊர்க்கமிட்டித் தலைவர் தொபியாஸ். கமிட்டி கூடியது, இஞ்ஞாசி வீட்டை ஊர்விலக்கு வைத்தது: யாரும் அந்த வீட்டாரோடு பேசக்கூடாது, கடையில் தீப்பெட்டிகூடக் கொடுக்கக்கூடாது, பொதுக்குழாயில் அவர்கள் குடம் வைக்கக்கூடாது, மீறுகிறவர் வீடும் விலக்கு. சம்மதிக்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றார்கள். ஊரே தூக்கியது. பெர்பெத்தியும் தூக்கினாள், தூக்கிய கையில் மீன்செதில் ஒட்டியிருந்தது, அவளுக்கே அது பளிச்சென்று தெரிந்தது. இஞ்ஞாசி பிழைப்புக்குக் கேரளத்துக் கரைக்குப் போனான். வீட்டில் அவன் பெண்சாதி செல்சி, வயிற்றில் ஒன்று, கையில் அஞ்சு வயசுப் பெண்பிள்ளை ஜெனிட்டா, குடிக்க, கடற்கரையில் தோண்டிய ஊற்றில் ஊறுகிற உவர்த்தண்ணீர்.

மதியம் இரண்டு மணிக்கு, ஊரே சாப்பிட்டுக் கட்டையைச் சாய்க்கிற நேரத்தில், பெர்பெத்தி ஒரு குடம் நல்ல தண்ணீரை இடுப்பில் வைத்துக்கொண்டு தாழம்புதர் வழியாகப் பதுங்கிப்போய், செல்சி வீட்டுப் பின்வேலியில் இறக்கிவைத்துவிட்டு, அங்கே கிடக்கிற காலிக்குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். ஒரு வார்த்தை பேசியதில்லை, முகத்தைக் காட்டியதில்லை. இதற்கு அவள் ஆண்டவரோடு ஒரு பேரம் பேசி வைத்திருந்தாள். "தருமத்த அந்தரங்கமாச் செய்யின்னு நீருதான சொன்னீரு. நான் செஞ்சிருதேன். அந்தரங்கமா வச்சிக்கிடுத வேல ஒம்மோடது. வாக்கு மாறப்பிடாது." ஆண்டவர் மறுப்புச் சொல்லாததால் பேரம் முடிந்ததாக அவள் எடுத்துக்கொண்டாள். அந்தரங்கம் என்று சொன்னது பயத்தைத்தான் என்பது அவளுக்கும் தெரியும். அமலிக்குத் தொபியாசின் அக்காள் மகனைப் பேசி முடித்திருந்தது. கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து, தடை ஒன்றும் வராவிட்டால், மே மாசம் கல்யாணம்.

அப்படிப்பட்டவளின் காலைத்தான் ஆண்டவர் ஈரமாக்கி விட்டுவிட்டார்.

பெரிய வெள்ளி மத்தியானம், சுடுமணலில் சிலுவைப்பாதை போகும்போதுதான் ஊர் முதலில் பார்த்தது. பன்னிரண்டு பேர் நடந்த இடமெல்லாம் பன்னிரண்டு வரிசை ஈரம். உப்பைக் கொட்டினார்கள், உப்பு கரைந்தது, தடம் நின்றது. மணலை அள்ளிப் போட்டார்கள், மணலுக்கு மேலே தடம் ஊறி வந்தது. காலில் பாலிதீன் பையைக் கட்டினார்கள், பை நிரம்பித் தெறித்தது. ரப்பர் பூட்ஸ் போட்டவர் பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்தபோது ஒரு சட்டித் தண்ணீர் கொட்டியது. முதலில் குடித்தது நாய்கள். பிறகு ஒருத்தி விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். உவர் இல்லை, இனித்தது. நாலு நாளைக்கு ஒருதரம் குழாயில் தண்ணீர் வருகிற ஊரில் அது சின்ன விஷயம் இல்லை. ஈஸ்டருக்குள் தடத்துத் தண்ணீரைத் துணியில் ஒற்றிப் பிழிந்து தீர்த்தம் என்று பாட்டிலில் பிடித்தார்கள், பக்கத்து ஊர்க்காரர்கள் வேன் பிடித்து வந்தார்கள், டீக்கடைக்காரர் இரண்டாவது பாய்லர் வாங்கினார். ஒரு வாரத்தில் அதிசயம் பழகிப்போனது, மீன்விலையைப் போல அதையும் காலையில் ஒருதரம் பேசிவிட்டு வேலையைப் பார்த்தார்கள்.

பயம் மட்டும் பழகவில்லை, அது முதல் நாளே வந்துவிட்டது. தண்ணீர் காயவில்லை என்றால் போன வழியும் அழியவில்லை என்று அர்த்தம். யாருடைய கால் எது என்று ஊர்ப்பிள்ளைகளுக்குக்கூட மனப்பாடம் ஆனது: பெருவிரல் வளைந்தது கஸ்மீர், குதிகால் அகன்றது பெர்பெத்தி. காய்ச்சல் என்று தொழிலுக்கு வராத கஸ்மீரின் தடம் சாராயக்கடை வாசலில் நின்றது. செபமாலையை முன்னின்று சொல்கிற லியோனியின் தடம் மூன்று மைல் நடந்து ஒரு மந்திரவாதி வீட்டுக்குள் போயிருந்தது. அவள் வீட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளங்கால் தோலைப் பிளேடால் சீவிப் பார்த்தாள், ரத்தத்தோடு தண்ணீரும் சேர்ந்து வந்தது, அந்த அலறலைத் தெருவே கேட்டது. மற்றவர்களும் படுக்கும்போது தங்கள் உள்ளங்காலைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். பன்னிரண்டு பேரும் நடப்பதைக் குறைத்தார்கள். அந்தப் பன்னிரண்டில் தொபியாசும் ஒருவர். அவர் வீட்டுப்படியிலிருந்து பைக்கில் ஏறிக் கமிட்டி ஆபீஸ் படியில் இறங்கினார், நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு காலையும் ஒரு பிளாஸ்டிக் தொட்டிக்குள் வைத்துக்கொண்டார், தொட்டி நிரம்ப நிரம்ப ஒரு ஆள் மொண்டு ஊற்றினான். வழக்குகளை அவர் அப்படி உட்கார்ந்தபடியேதான் விசாரித்தார்.

இன்னொன்றும் நின்றுபோனது, அது நின்ற பிறகுதான் அப்படி ஒன்று இருந்ததே தெரிந்தது. செல்சி வீட்டு வேலியில் எப்போதோ ஒரு பொட்டலம் அரிசி, எப்போதோ நாலு முட்டை, கூரையில் செருகிய மண்ணெண்ணெய் பாட்டில் என்று பேர் தெரியாமல் வந்துகொண்டிருந்த எல்லாமே நின்றன. பெர்பெத்தியின் குடமும் நின்றது.

ஈஸ்டரன்று முதல் ஓலை வாசித்தார்கள். பெர்பெத்திக்குக் காதில் விழவில்லை. செல்சிக்குக் குடம் நின்று இரண்டு நாள், மூன்று நாள் என்று மனசு எண்ணிக்கொண்டிருந்தது. கருவாடு காயப்போட்ட களத்தில் அவளால் கால் வைக்க முடியவில்லை, வைத்த இடத்தில் மீன் ஊறிப் புழு வைத்தது. ஓரத்தில் நின்றுகொண்டு, வேலிப்பக்கம் செல்சி உவர்த்தண்ணீர்க் குடத்தோடு அசைந்து அசைந்து போவதைப் பார்த்தாள். செல்சியின் கால்கள் இரண்டும் பலாக்காய் மாதிரி வீங்கியிருந்தன.

புதன்கிழமை அவளுக்கு ஒரு யோசனை வந்தது. கடலில் தடம் ஏது? மத்தியானம் இரண்டு மணிக்குக் குடத்தை எடுத்துக்கொண்டு நேராகக் கடலுக்குள் இறங்கினாள், முழங்காலளவு தண்ணீரில் கரையை ஒட்டியே வடக்கே நடந்தாள், செல்சி வீட்டுப் பின்பக்கம் கடலைப் பார்த்துத்தான் இருக்கிறது, அலை எல்லாவற்றையும் அழித்துவிடும், ஆண்டவரைவிடத் தனக்குக் கொஞ்சம் கூடுதலாக விவரம் இருக்கிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டே பாதி தூரம் போனவள், எதற்கோ திரும்பிப் பார்த்தாள். கடலின் மேலே அவள் தடம் நின்றது. அடியில் இல்லை, மேலே. எண்ணெய் மிதக்கிற மாதிரி, நல்ல தண்ணீர் உப்புத்தண்ணீரில் கலக்காமல், குதிகால் அகன்ற இரண்டு வரிசைப் பாதம் அலை எழும்பும்போது எழும்பி, இறங்கும்போது இறங்கி, இடம் மாறாமல் நின்றது. எந்த அலையும் அதைத் தொடவில்லை.

குடத்தைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு அவள் ஓடி வந்தாள்.

சாயங்காலம் ஊரே கரையில் நின்று வேடிக்கை பார்த்தது. தொபியாசை நாற்காலியோடும் தொட்டியோடும் நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து வைத்தார்கள்.

"என்ன பெர்பெத்தி, கடல்ல எங்க போன?"

"கால் காயலியே அண்ணாச்சி. உப்புத்தண்ணி பட்டாலாவது காயுமான்னு பாத்தேன்."

"தடம் வடக்கால்லா போவுது. இஞ்ஞாசி வீட்டுப் பக்கம்."

"வடக்க போனா அந்த வீடு ஒண்ணுதான் இருக்கா? மாதா குருசடி இருக்கு, ஐஸ் கம்பெனி இருக்கு."

"அந்தப் பிள்ளகிட்ட ஒனக்குப் பேச்சு உண்டா?"

"எந்தப் பிள்ள?" என்றாள் பெர்பெத்தி, குரல் தானாக ஏறியது. "எனக்கு அவள யாருன்னே தெரியாது அண்ணாச்சி. அந்த வீட்டுப் பக்கம் எனக்கென்ன சோலி?"

கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த பிரகாசிக் கிழவி நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டுச் சொன்னாள், "ஏளா, மூணுதரம் ஆயிட்டு. எவன் வீட்டுச் சேவலாவது கூவுதான்னு பாருங்க."

சேசுவை மூன்றுதரம் தெரியாது என்ற சீடனின் கதை ஊருக்கே தெரியும், சிரிப்பு எழுந்தது. தொபியாசும் சிரித்தார். பெர்பெத்திக்கு வந்த கோபத்தில் கிழவியின் வலையைப் பிடுங்கிக் கடலில் எறிந்திருப்பாள், ஆனால் தொபியாசின் கண் அவள் காலிலேயே இருந்தது. "நல்லது," என்றார் தொபியாஸ். "நம்ம வீட்டுக்குப் பிள்ள குடுக்கப் போற. சம்பந்தக்காரியாச்சேன்னு சொல்லுதேன், காலப் பாத்து வைய்யி."

மறுநாள் அவள் சாமியார் வீட்டுக்குப் போனாள். "திரும்பத் தொடச்சு விடுங்க சாமி. நீங்க செஞ்ச வேல, நீங்கதான் முடிச்சுத் தரணும்." சாமியாருக்குச் சின்ன வயசு, இந்த ஊருக்கு வந்து ஒரு வருஷம் ஆகவில்லை. பழைய துண்டாக, மெத்தென்று இருந்த ஒன்றை எடுத்துவந்து தரையில் உட்கார்ந்து அவள் காலைத் துடைத்தார். துண்டு நனைந்தது, பிழிந்தார், துடைத்தார், பிழிந்தார், இரண்டு வாளி நிரம்பிய பிறகும் கால் அப்படியே மினுமினுத்தது. அவர் துண்டைக் கீழே போட்டார்.

"பிஷப் வீட்டுக்கு எழுதியிருக்கேம்மா. பொறுத்திருங்கன்னு பதில் வந்திருக்கு."

"அவுகளுக்கென்ன, அவுக காலு காஞ்சுதான இருக்கு."

"என் காலும் காஞ்சுதான் இருக்கு பெர்பெத்தம்மா," என்றார் சாமியார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "பன்னண்டு பேருக்குக் கழுவினேன். அந்த வீட்டுக்கு ஒருநாள் போயி எப்படிம்மா இருக்கேன்னு கேக்கல. நான் போகாதத ஊரு கண்டுபிடிக்க முடியாது பாருங்க, போகாததுக்குத் தடம் கிடையாது."

பெர்பெத்திக்கு அதற்குமேல் அங்கே உட்காரப் பிடிக்கவில்லை. பேரம் பேச வந்த இடத்தில் கடைக்காரனே கடன் சொன்னால் என்ன செய்வது? இரண்டாவது ஞாயிறு இரண்டாவது ஓலை வாசித்தார்கள். யாருக்காவது தடை தெரிந்தால் சொல்லலாம் என்று சாமியார் நிறுத்தியபோது பெர்பெத்தி ஈரப்பாதம் இரண்டையும் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். ஒன்று மிச்சம்.

"ஒரே ஒரு வாரம்மா," என்றாள் அமலி அன்றைக்கு, அம்மா தலையில் பேன் பார்த்துக்கொண்டே. "எங்கேயும் போவாத. நாற்காலியில உக்காந்து வாயால ஏவு, நான் செய்யிதேன்."

"நான் எங்கட்டி போனேன்?"

"கடல் மேலேயே எழுதி வச்சிருக்கு. என்கிட்ட ஏலம் கூறாத."

செவ்வாய்க்கிழமை. குழாய் வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது, அடுத்த தண்ணீருக்கு இரண்டு நாள் இருந்தது. மத்தியான வெயிலில் ஊற்று வற்றிவிட்டதாக ஐஸ் கம்பெனிப் பக்கமிருந்து வந்தவர்கள் சொல்லிக்கொண்டு போனார்கள், யாரிடமும் குறிப்பாகச் சொல்லவில்லை, காற்றிடம் சொன்னார்கள். பெர்பெத்தி வாசல்நிலையில் சாய்ந்து நின்றிருந்தாள். அப்போதுதான் செல்சி தெருவுக்குள் வந்தாள்.

எட்டு மாசத்துக்குப் பிறகு அவள் நடுத்தெருவுக்கு வருவது அதுதான் முதல் தடவை. ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மறுகையில் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் பொதுக்குழாய்வரை வந்தாள். சன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அவள் குழாயைத் தொடவில்லை. கையில் குடமும் இல்லை. குழாயடியில் பெர்பெத்தி நின்று நின்று பதித்த தடங்கள் கிடந்தன. செல்சி வயிற்றைத் தாங்கிக்கொண்டு முட்டி போட்டாள், முந்தானையை அந்தத் தடத்தில் விரித்து ஒற்றினாள், தூக்கிப் பிள்ளையின் வாயில் பிழிந்தாள்.

"இனிக்குதும்மா," என்றது ஜெனிட்டா. தெருவே கேட்கும்படி சொன்னது.

தடத்தைத் தொடக்கூடாது என்று கமிட்டி எழுதவில்லை. எழுத மறந்துவிட்டார்கள். செல்சி அடுத்த தடத்துக்கு நகர்ந்தாள், ஒற்றினாள், பிழிந்தாள், பிள்ளைக்கு ஒன்று, தனக்கு ஒன்று; பிறகு அதற்கடுத்த தடம், அதற்கும் அடுத்தது. அவள் எந்தப் பக்கமாக வருகிறாள் என்பது பெர்பெத்திக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது. தடங்கள் குழாயிலிருந்து பெர்பெத்தி வீட்டுக்குத்தான் வருகின்றன. பாதம் பாதமாக, தவழ்ந்து தவழ்ந்து, அந்த வீங்கிய கால்களை இழுத்துக்கொண்டு, ஊரே சன்னலில் நின்று பார்க்க, செல்சி அவள் வாசலை நோக்கி வந்துகொண்டிருந்தாள்; வாசலுக்கு வந்தால் நிமிர்வாள், நிமிர்ந்தால் முகம் பார்ப்பாள், முகம் பார்த்து ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது, பதில் சொன்னால் ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ஓலை கிடையாது.

பெர்பெத்தி கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போட்டாள். கதவில் முதுகை வைத்து நின்றுகொண்டாள். சேசு மரி சூசையே, இந்த வீட்டைத் தாண்டிப் போகச்சொல்லும், என்ன வேண்டுமானாலும் தருகிறேன் என்றாள். தருவதற்கு என்ன இருக்கிறது என்று யோசித்தபோது ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. வெளியே துணி ஒற்றுகிற சத்தம் கேட்டது, பிழிகிற சத்தம், பிள்ளை சப்புக்கொட்டுகிற சத்தம். நாலாவது படி. மூன்றாவது. இரண்டாவது. கதவுக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் செல்சியின் மூச்சிரைப்பு, நடுவில் ஒரு விரற்கடைப் பலகை. கதவுக்கு அடியில் கிடந்த கடைசித் தடத்தின் பாதி வெளியே, பாதி உள்ளே. வெளியே இருந்த பாதியில் முந்தானை படிந்து எழுந்தது.

"கதவத் தட்டட்டாம்மா?" என்றது பிள்ளை.

"வேண்டாம்," என்றாள் செல்சி, மெதுவாக. "தட்டினா அவுகளையும் தள்ளி வச்சிருவாக. வா."

அவர்கள் திரும்பிப் போகிற சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் கேட்டது, அவ்வளவு மெதுவாக நடந்தாள்.

பெர்பெத்தி ஆயுசில் எத்தனையோ பேரிடம் ஏமாந்திருக்கிறாள், தராசில் ஏமாந்திருக்கிறாள், வார்த்தையில் ஏமாந்திருக்கிறாள், ஒருதரம்கூட இப்படி இருந்ததில்லை. தனக்காகப் பயந்துகொண்டு ஒருத்தி கதவைத் தட்டாமல் போவதை அவள் இதுவரை கேட்டதில்லை. அடுப்படிக்குப் போனாள். நிறைகுடத்தை இடுப்பில் ஏற்றினாள். அமலி குறுக்கே வந்து நின்றாள்.

"அம்மா. வேண்டாம்மா. அஞ்சு நாளுதாம்மா இருக்கு."

"தள்ளுட்டி."

"ராத்திரிக்கு நான் கொண்டு போயிக் குடுக்கேன். என் காலு காஞ்சதுதான, தடம் விழாது. யாருக்கும் தெரியாது."

"அப்படித்தான் நானும் எட்டு மாசமாக் குடுத்தேன்," என்றாள் பெர்பெத்தி. "தள்ளு."

அவள் தாழம்புதர் வழியாகப் போகவில்லை. நடுத்தெருவில் போனாள், வெயிலில் போனாள், பயந்துகொண்டே போனாள், தைரியம் வந்துவிட்டது என்று யாராவது பிறகு சொன்னால் அது பொய், குடத்துத் தண்ணீர் தளும்பி இடுப்பு நனைந்தது, ஒவ்வொரு தடமும் பின்னால் பளபளவென்று உட்கார்ந்துகொண்டே வந்தது, ஒவ்வொரு சன்னலிலும் ஒரு முகம், ஒவ்வொரு முகத்துக்கும் அவளைத் தெரியும், திரும்பிவிடு, இன்னும் திரும்பிவிடலாம் என்று காலே அவளிடம் கெஞ்சியது, அவள் அந்தக் காலையும் திட்டிக்கொண்டே போனாள். கமிட்டி ஆபீஸ் வாசலில் தொபியாஸ் தொட்டியில் காலோடு உட்கார்ந்திருந்தார்.

"நில்லு பெர்பெத்தி."

நின்றாள்.

"எங்க போற?"

"செல்சி வீட்டுக்கு."

"தெரிஞ்சுதான் போறியா?"

"தெரிஞ்சுதான் அண்ணாச்சி."

"ஒம் மவ கலியாணம்?"

பெர்பெத்தி குடத்தை இடுப்பில் ஏற்றிப் பிடித்தாள். "குடம் கனக்குதண்ணாச்சி," என்றாள். நடந்தாள்.

செல்சி வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. எட்டு மாசமாக யாரும் வராத வீட்டுக்குத் தாழ்ப்பாள் எதற்கு? செல்சி சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பெர்பெத்தி குடத்தை இறக்கி வைத்தாள். சொம்பில் மொண்டு நீட்டினாள். செல்சி குடித்தாள், குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"அக்கா நீங்கதான்னு எனக்குத் தெரியும்."

"எப்படிட்டி தெரியும்?"

"குடத்துல கருவாட்டு வாட அடிக்கும். ஒமட்டலு, ஆனா ஒங்க தண்ணிய மட்டும் வாந்தி எடுக்கமாட்டேன். அந்த வேலியில ஒருநாளாச்சும் நின்னு, எப்படிட்டி இருக்கேன்னு கேப்பீகளான்னு பாத்தேன்."

பெர்பெத்தி அவள் காலடியில் உட்கார்ந்தாள். அந்த வீங்கிய பாதத்தை எடுத்து மடியில் வைத்தாள். புழுதி, வெடிப்பு, ஊற்றுமணல், நகத்துக்குள் சேறு. "எப்படிட்டி இருக்க?" என்றாள். செல்சி அழுதாள். பெர்பெத்தி சொம்புத்தண்ணீரை ஊற்றி அந்தக் காலைக் கழுவினாள், தன் முந்தானையால் துடைத்தாள். பழைய நூல்சேலை, நன்றாக உறிஞ்சியது.

அப்போது கோயில் கோபுரத்து மைக் கரகரத்தது. கமிட்டியின் குரல், பேப்பரைப் பார்த்து வாசிக்கிற குரல்: அந்தோணி மகள் பெர்பெத்தியின் வீடு இன்றுமுதல் விலக்கு, பேச்சு இல்லை, கொடுக்கல் வாங்கல் இல்லை, குழாய் இல்லை, ஞாயிற்றுக்கிழமை வாசிக்க இருந்த ஓலையை மாப்பிள்ளை வீட்டார் திரும்பப் பெறுகிறார்கள். இரண்டு தடவை வாசித்தது. பெர்பெத்தி எண்ணிக்கொண்டே இருந்தாள், மூன்றாவது தடவையும் வாசிப்பார்களா என்று.

அது முடிவதற்குள் அமலி வந்துவிட்டாள். ஓடி வந்த மூச்சு, முகமெல்லாம் வீங்கி, வாசலிலேயே நின்றுகொண்டு கத்தினாள். "கேட்டியா? காது குளுந்துச்சா? அஞ்சு நாளும்மா! அஞ்சு நாள் ஒன்னால பொறுக்க முடியலியா?" பெர்பெத்தி தலையைக் குனிந்துகொண்டாள். திட்டத் தெரிந்த வாய்க்கு வாங்கிக்கொள்ளவும் தெரிந்திருந்தது. அமலி இன்னும் நிறையச் சொன்னாள், சொல்லச் சொல்லக் குரல் உடைந்தது. உள்ளே வந்து சுவரோரம் பொத்தென்று உட்கார்ந்தாள். ஜெனிட்டா அவளையே பார்த்துக்கொண்டிருந்தது, பிறகு போய் அவள் மடியில் ஏறிக்கொண்டது. அமலி அதைத் தள்ளவில்லை. பெர்பெத்தியின் முகத்தையும் பார்க்கவில்லை.

தெரு அடங்கிவிட்டது. கோழிச்சத்தம்கூட இல்லை. அந்த அமைதியில்தான் காலடி கேட்டது, தூரத்தில், கமிட்டி ஆபீஸ் பக்கமிருந்து: சளக், சளக், சளக். ஈரக்கால். காய்ந்த கால் மணலில் அப்படிச் சத்தம் போடாது. பன்னிரண்டு பேரில் ஒருவர் நடந்து வருகிறார், தடம் விழும் என்று தெரிந்தே இந்த வீட்டுக்கு நடந்து வருகிறார். செல்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அமலி பிள்ளையை இறுக்கிக்கொண்டாள்.

"தொபியாஸ் மாமாதான்," என்றாள் அமலி, உதடு வெளுத்து. "தொட்டிய விட்டு எறங்கிட்டாரு. அடிக்கத்தான் வாராரு. கதவச் சாத்தும்மா."

லியோனியாக இருக்கலாம். கஸ்மீராக இருக்கலாம், குடித்திருக்கலாம், குடிக்காமலும் இருக்கலாம். கையில் அரிசி இருக்கலாம், அரிவாள் இருக்கலாம். சத்தத்தில் அதெல்லாம் தெரியவில்லை. வேலியைத் தாண்டியது. சளக், சளக். படிக்கு முன்னால் நின்றது, யோசிக்கிற மாதிரி.

பெர்பெத்தி எழுந்தாள். கதவுப்பக்கம் கை போனது, தாழ்ப்பாளைத் தொட்டது, அங்கேயே நின்றது. பிறகு அந்தக் கையை எடுத்துக் குடத்துக்குள் விட்டு ஒரு சொம்பு தண்ணீர் மொண்டாள். வெயிலில் நடந்து வந்த மனுசன், யாராக இருந்தாலும் தாகம் இருக்கும். இரண்டு கையாலும் சொம்பை முன்னால் நீட்டிக்கொண்டு வாசலில் போய் நின்று, "வாங்க" என்றாள்.